மக்கள் நம்பிக் கொடுத்த நம்பர்

(மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணிப் பயிற்சி முகாமில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். முகாமுக்கு வர இயலாத தோழர்கள் முழுமையாகப் படித்து, தங்கள் பகுதிப் பொறுப்பாளர்களுக்கும் பகிரவும்.)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிற பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்காங்க. அதுவும் பிரியாணி. அதனால உங்களைத் தூங்க விடாம இருக்க ஒரு வேலை கொடுக்கறேன். வாட்ஸ்அப்ல எத்தனை கட்சிக் குழுவுல இருக்கீங்கன்னு மனசுக்குள்ள எண்ணிப் பாருங்க. மாவட்டம், ஒன்றியம், வார்டு, பூத் கமிட்டி, மகளிர் அணி, மாணவர் அணி, 'அவசர அறிவிப்பு', அப்புறம் ஒரு இடைத்தேர்தலுக்காகத் தொடங்கி இன்னைக்கு வரைக்கும் கலைக்காம கிடக்கிற குழு. பத்துக்குக் கீழே இருக்கிறவங்க கையைத் தூக்குங்க. ரெண்டு பேர். சரி.

அந்தக் குழுக்கள்ல அறிக்கை இருக்கு, மீம்ஸ் இருக்கு, காலை வணக்கம் இருக்கு. அதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும். அதோட சேர்ந்து, மக்கள் நம்மகிட்ட கொடுத்த மனுக்களும் அங்க கிடக்கு. நான் பேச வந்தது அதைப் பற்றி.

ஒரு காலத்துல கிளைச் செயலாளர் கையில ஒரு நீள நோட்டு இருக்கும். தண்ணி வரல, முதியோர் பென்ஷன் நின்னு போச்சு, பட்டா மாறலன்னு யார் வந்து சொன்னாலும் அதுல எழுதிக்குவார். ராத்திரி அந்த நோட்டு அவர் வீட்டுப் பரண்ல இருக்கும். அதுல என்ன இருக்குன்னு இன்னொருத்தன் பார்க்கணும்னா வீடு புகுந்துதான் பார்க்கணும். இன்னைக்கு அந்த நோட்டு எக்ஸெல் ஷீட்டா மாறிடுச்சு. பேர், தெரு, போன் நம்பர், ஆதார் நகல், ரேஷன் கார்டு போட்டோ, யார் மேல என்ன புகார். எல்லாம் ஒரே ஃபைல். "தோழர், இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னு ஒரு குழுவுல போட்டா, அந்தக் குழுவுல இருக்கிற அத்தனை பேர் போன்லயும் போய் உட்காருது. அதுல ஒருத்தர் இன்னொரு குழுவுக்கு அனுப்பினா, அதுக்கு மேல அது எங்க போச்சுன்னு நமக்குத் தெரியவே தெரியாது.

இதுல என்ன பெரிய ஆபத்து வந்துடப் போகுதுன்னு நினைக்கிறவங்களுக்கு நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்த ரெண்டு விஷயத்தை நினைவுபடுத்தறேன். 2023 ஏப்ரல்ல தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த ஒரு கிராம நிர்வாக அலுவலர், பட்டப்பகலில் தன் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கத்துல, கல் குவாரி முறைகேடுகளைப் பற்றித் தொடர்ந்து மனு கொடுத்து வந்த ஒருத்தர் லாரி ஏத்திக் கொல்லப்பட்டார். ஒருத்தர் அரசு அலுவலர். இன்னொருத்தர் ஊர் அறிஞ்ச மனிதர். அவங்களுக்கே இந்த நிலைமைன்னா, ராத்திரி பத்து மணிக்கு மேல எங்க தெரு வழியா மணல் லாரி போகுதுன்னு நம்மகிட்ட வந்து சொல்ற ஒரு அக்காவுடைய பேரும் நம்பரும் எவ்வளவு பத்திரமா இருக்கணும்? அந்த அக்கா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகல. நம்மகிட்ட வந்தாங்க. ஏன் வந்தாங்கன்னு யோசிங்க.

தனியுரிமைன்னு சொன்னாலே, அது பணக்காரங்க, சினிமாக்காரங்க கவலைப்பட வேண்டிய விஷயம்னு நம்மள்ல பல பேருக்கு ஒரு நினைப்பு. 'என்கிட்ட மறைக்க என்ன இருக்கு'ன்னு சர்வ சாதாரணமா சொல்றோம். உங்ககிட்ட இல்லாம இருக்கலாம் தோழர். உங்க போன்ல இருக்கிற மத்தவங்களுக்கு இருக்கும்.

இந்த நாட்டுல தனியுரிமை அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு வாங்கிக் கொடுத்த வழக்கு யார் பேர்ல இருக்கு? கே.எஸ். புட்டசாமி. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி. ஆதாரை எதிர்த்து 2012-ல் அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அவருக்கு வயசு 86. அந்த வழக்கில் ஒன்றிய அரசு நின்று வாதாடியது என்ன தெரியுமா? அரசியல் சட்டத்தில் தனியுரிமை என்று ஓர் அடிப்படை உரிமையே கிடையாது என்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு ஒருமனதாக, 'உண்டு' என்று தீர்ப்பளித்தது. உயிர் வாழும் உரிமையைச் சொல்கிற 21-ஆவது பிரிவுக்குள்ளேயே அதுவும் அடங்கும் என்றது. உயிரோடு சேர்த்து வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். முறப்பநாட்டையும் திருமயத்தையும் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் தனியாக விளங்கத் தேவையில்லை.

அதுக்குப் பிறகு 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அதுல நமக்கு விமர்சனம் நிறைய இருக்கு. அரசு தான் விரும்புகிற துறைகளுக்கு விலக்கு கொடுத்துக்கலாம். அதே சட்டத்தை வெச்சு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துலயும் கை வெச்சிருக்காங்க. அந்த விமர்சனத்தை நாம தெருமுனைக் கூட்டத்துல பேசணும், பேசுவோம். ஆனா ஒண்ணு. அரசியல் கட்சிகளுக்குன்னு தனி விலக்கு எதுவும் அந்தச் சட்டத்துல இல்லை. மக்களோட விவரத்தை வாங்கி வெச்சிருக்கிறவங்க யாரா இருந்தாலும் பொறுப்பு உண்டு.

கட்சியும் வாக்காளரோட போன் நம்பரும்னு சொன்னதும் புதுச்சேரி ஞாபகம் வருது. 2021 சட்டமன்றத் தேர்தல் நேரம். வாக்காளர்கள் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வருது. அதுல அவங்கவங்க வாக்குச்சாவடிக்கான வாட்ஸ்அப் குழு லிங்க் இருக்கு. எங்க நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது, அதுவும் பூத் வாரியா எப்படிப் பிரிச்சீங்கன்னு கேட்டு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. நீதிமன்றம் அதைச் சாதாரணமா எடுத்துக்கல. ஆதார் ஆணையத்தையே பதில் சொல்லச் சொன்னது. எந்தக் கட்சின்னு இங்க சொல்ல வேண்டியதில்ல, உங்களுக்கே தெரியும். அன்னைக்கு அதைக் கண்டிச்ச நாம, நம்ம தொகுதியில ஒரு ஆள் 'வாக்காளர் டேட்டா இருக்கு தோழர், விலை கம்மி'ன்னு பென் டிரைவோட வந்தா என்ன சொல்லணும்? வெளியே போன்னு சொல்லணும்.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம்.

வாட்ஸ்அப்ல 'எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன்' இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். 2016-ல இருந்து இருக்கு. அனுப்புறவர் போன்ல பூட்டி, வாங்குறவர் போன்லதான் திறக்கும். நடுவுல இருக்கிற கம்பெனியாலயே படிக்க முடியாது. இது உண்மை, நல்ல விஷயம். ஆனா பூட்டு கடிதத்துக்குத்தான், உறைக்கு இல்ல. ஊர் தபால்காரர் உங்க கடிதத்தைப் பிரிக்கவே மாட்டார். ஆனாலும் யார் வீட்டுக்கு யார்கிட்ட இருந்து, மாசம் எத்தனை கடிதம் வருதுன்னு அவருக்குத் தெரியும். அந்த உறை மேல இருக்கிற விவரத்துக்குப் பேர்தான் மெட்டாடேட்டா. ஒரு போராட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி யார் யாரோட பேசினாங்கன்னு தெரிஞ்சாலே போதும், என்ன பேசினாங்கன்னு தெரியணும்னு அவசியமில்ல. பாதிக் கதை அதுலயே தெரிஞ்சுடும்.

சிக்னல்னு ஒரு செயலி. லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துது. அதோட நிரல் யார் வேணாலும் பார்க்கலாம்னு திறந்து வெச்சிருக்கு. வாட்ஸ்அப் பூட்டே அவங்க உருவாக்கின முறைதான். 2016-ல அமெரிக்காவுல ஒரு விசாரணைக்காக, ஒரு பயனர் பற்றி உங்ககிட்ட இருக்கிறதை எல்லாம் கொடுங்கன்னு கேட்டாங்க. சிக்னலால கொடுக்க முடிஞ்சது ரெண்டே தேதி: கணக்கு தொடங்கின நாள், கடைசியா இணைஞ்ச நாள். வேற எதையும் அவங்க வெச்சுக்கவே இல்ல. நான் இதுல இருந்து எடுத்துக்கறது, நம்மகிட்ட இல்லாத விவரத்தை நம்மகிட்ட இருந்து யாரும் பிடுங்க முடியாது. மனு தீர்ந்த பிறகும் ஆதார் நகலை மூணு வருஷம் வெச்சிருக்கிறதால நமக்கு என்ன பிரயோஜனம்?

வாட்ஸ்அப் பேக்கப் பற்றி நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. உங்க உரையாடல் எல்லாம் கூகுள் டிரைவ்ல இல்லன்னா ஐகிளவுட்ல நகலா சேருது. அந்த நகலுக்கும் பூட்டு போடற வசதி 2021-ல வந்துச்சு. ஆனா அது தானா வேலை செய்யாது. நீங்க செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணணும். வீட்டு வாசலுக்கு நல்ல பூட்டு போட்டுட்டு கொல்லைக் கதவைத் திறந்து வெச்ச கதைதான். இன்னைக்கு ராத்திரியே அதை ஆன் பண்ணுங்க. கூடவே டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன், ஆறு இலக்க எண். யாராவது உங்க ஓடிபியை ஏமாத்தி வாங்கினாலும் அந்த எண் இல்லாம உங்க கணக்கைத் திறக்க முடியாது. அப்புறம் 'லிங்க்டு டிவைசஸ்'. ஜெராக்ஸ் கடையில அவசரத்துக்கு வாட்ஸ்அப் வெப் போட்டு பிரின்ட் எடுத்துட்டு வந்திருப்பீங்க. அந்தக் கடை கம்ப்யூட்டர்ல உங்க கணக்கு இன்னும் திறந்தே இருக்கலாம். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம்னு பேர் போட்டு ஏபிகே ஃபைல் வந்தா, அனுப்பினது நம்ம மாவட்டச் செயலாளராவே இருந்தாலும் தொடாதீங்க. பணம் போயிடுச்சுன்னா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க.

இதையெல்லாம் செஞ்சுட்டா முழுப் பாதுகாப்பான்னு கேட்டா, நேர்மையாச் சொல்றேன், இல்ல. பெகாசஸ் மாதிரி உளவு மென்பொருள் பூட்டை உடைக்கறதே இல்ல. போனுக்குள்ளேயே உட்கார்ந்துக்கிட்டு, நீங்க படிக்கும்போது அதுவும் படிக்குது. 2019-ல வாட்ஸ்அப் அழைப்பு மூலமாவே அது போனுக்குள்ள புகுந்தது. அழைப்பை எடுக்கக்கூட வேண்டாம். உலகம் முழுக்க சுமார் 1,400 பேரைக் குறிவெச்சாங்க. நம்ம நாட்டுப் பத்திரிகையாளர்களும் செயல்பாட்டாளர்களும் அதுல உண்டு. 2021-ல மறுபடி வெடிச்சப்போ உச்ச நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையில குழு அமைச்சது. ஒன்றிய அரசு ஒத்துழைக்கலன்னு அந்தக் குழு சொன்னதா நீதிமன்றமே சொல்லிச்சு. பெகாசஸ் விலை அதிகம். நம்ம வார்டு உறுப்பினர் மேல ஏவ மாட்டாங்க. நம்மகிட்ட விவரம் போறது பெரும்பாலும் நம்ம கைத் தவறுதலால. நாம சரிபண்ணக்கூடியதும் அதைத்தான்.

அந்தப் பூட்டையே எடுத்துடணும்னு அரசு கேட்குது. அந்தக் கதையில சென்னைக்கும் பங்கு உண்டு. 2018-ல சமூக ஊடகக் கணக்கை ஆதாரோட இணைக்கணும்னு சென்னை உயர் நீதிமன்றத்துல மனு போட்டாங்க. ஆதார் பேச்சு அங்க எடுபடல. ஆனா வழக்கு, 'ஒரு செய்தியை முதல்ல அனுப்பினது யார்னு கண்டுபிடிக்க முடியுமா'ங்கற பக்கம் திரும்பிச்சு. பிறகு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள்ல அதுவே கட்டாயமா வந்துடுச்சு. பூட்டை உடைக்கச் சொன்னா நாங்க இந்தியாவை விட்டுப் போக வேண்டியதுதான்னு வாட்ஸ்அப் தரப்பு 2024 ஏப்ரல்ல டெல்லி உயர் நீதிமன்றத்துல சொன்னாங்க. வதந்தியைத் தடுக்கணும்ங்கறதுல நமக்கு மாற்றுக் கருத்தே இல்ல. வதந்தியால அடிபடறது நாமதான். ஆனா குற்றவாளி ஒருத்தனைப் பிடிக்க எல்லார் வீட்டுச் சாவியையும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னா ஒத்துக்க முடியாது. 2025 டிசம்பர்ல 'சஞ்சார் சாத்தி' செயலியை எல்லாப் புதுப் போன்லயும் கட்டாயமா போடச் சொன்ன உத்தரவு, எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்லயே வாபஸ் ஆச்சு. கேள்வி கேட்டா நகரும், தோழர்களே.

'நம்ம ஊர் செயலிக்கு மாறிடலாமே'ன்னு காலையில ஒரு தம்பி கேட்டார். 2025 கடைசியில ஜோஹோவோட 'அரட்டை' திடீர்னு பிரபலமாச்சே, அதைச் சொல்றார். தமிழ்ப் பேர், தமிழ்நாட்டுல வளர்ந்த நிறுவனம், சந்தோஷம். ஆனா அது அவ்வளவு வேகமாப் பரவின அந்த வாரங்கள்ல, போன் பேச்சுக்குத்தான் முழுப் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திக்கு இல்ல. பிறகுதான் கொண்டு வர ஆரம்பிச்சாங்க. அதனால செயலி எந்த ஊர்னு கேட்கறதுக்கு முன்னாடி, பூட்டு இருக்கா, சாவி யார்கிட்டன்னு கேளுங்க. அதே நேரத்துல ஜோஹோவோட ஸ்ரீதர் வேம்பு ஒரு நல்ல விஷயம் பேசினார். யுபிஐ மாதிரி, மின்னஞ்சல் மாதிரி, செய்திச் செயலிகளும் ஒண்ணோட ஒண்ணு பேசணும்னார். அவரோட மற்ற கருத்துகள்ல நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம். இது சரியான பேச்சு.

ஏன்னா, நாம வாடகை வீட்டுலதான் குடியிருக்கோம். 2020 ஜூன் 29-ஆம் தேதி ராத்திரி 59 செயலிகளைத் தடை செஞ்சாங்க. டிக்டாக்ல லட்சக்கணக்குல ஆதரவாளர்களைச் சேர்த்து வெச்சிருந்த நம்ம கிராமத்துப் பிள்ளைங்க விடிஞ்சு பார்த்தா ஒண்ணுமில்ல. தடை சரியா தப்பாங்கறது வேற விவாதம். ட்விட்டருக்குப் போட்டின்னு 2021-ல ஒன்றிய அமைச்சர்களே கூட்டமா போய்ச் சேர்ந்த 'கூ' 2024-ல மூடியே போச்சு. அதுல எழுதினது, சேர்த்தது எல்லாம் அதோட போச்சு. ட்விட்டரை 2022-ல ஒரு தனி மனிதர் 4,400 கோடி டாலருக்கு வாங்கி, பேரையே மாத்திட்டார். பத்து வருஷம் தண்ணி ஊத்தி வளர்த்த பக்கம் இன்னொருத்தர் நிலத்துல நிக்குது.

இதுக்கு மாற்றா இருக்கறதைத்தான் திறந்த சமூக வலைன்னு சொல்றோம். பயப்படாதீங்க, புதுசா எதுவும் இல்ல. நீங்க ஜிபேல இருந்து அனுப்புற பணம் போன்பே வெச்சிருக்கிற கடைக்காரருக்குப் போகுதில்ல? அதே மாதிரி, ஒரு செயலியில இருக்கிறவர் இன்னொரு செயலியில இருக்கிறவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். அதுக்கான பொது மொழி 'ஆக்டிவிட்டிபப்', 2018-ல உலகளாவிய வலைச் சேர்த்தியம் ஏத்துக்கிட்ட தரம். அதுல பேசறதுல பிரபலமானது மாஸ்டடான். ஜெர்மனி இளைஞர் ஒருத்தர் 2016-ல தொடங்கினது. யார் வேணாலும் தன் சொந்த சர்வர்ல அதை நடத்தலாம். ஜெர்மனி ஒன்றிய அரசு தன் துறைகளுக்காகத் தனி மாஸ்டடான் சர்வரே வெச்சிருக்கு. ஒரு சர்வர் பிடிக்கலன்னா உங்களைப் பின்தொடர்றவங்களோட வேற சர்வருக்குக் குடி போகலாம். பழைய பதிவுகள் கூட வராது, ஆட்கள் வருவாங்க.

இந்தியாவுல இருந்து ஒரு பெரிய அலை அங்க போனது 2019 நவம்பர்ல. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் ட்விட்டர் கணக்கை முடக்கினாங்க. காரணம், அவர் முகப்புல வெச்சிருந்த ஒரு பழைய புகைப்படம்: ஹிட்லர் காலத்து ஜெர்மனியில கூட்டமே கையை நீட்டி நாஜி வணக்கம் வைக்க, ஒரே ஒருத்தர் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற படம். நாஜிகளை எதிர்க்கிற படத்தையே வெறுப்புப் படம்னு கணக்கு போட்டாங்க. கோபத்துல நிறைய பேர் மாஸ்டடானுக்குப் போனாங்க. கொஞ்ச நாள்ல பாதிப் பேர் திரும்பி வந்துட்டாங்கன்னும் சொல்லிடணும். சொந்தக்காரங்க எல்லாம் இங்க இருக்கும்போது அங்க தனியா யார் உட்கார்ந்திருப்பா?

அதனால எல்லாரும் ஃபேஸ்புக்கை, எக்ஸை விட்டு வெளியேறுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். மக்கள் அங்க இருக்காங்க, நாமும் இருப்போம். ஆனா எந்த அறிக்கையும் முதல்ல நம்ம சொந்த இணையதளத்துல ஏறணும், பிறகுதான் மத்த இடத்துக்குப் போகணும். திறந்த வலையில ஒரு கணக்கு இருக்கட்டும். கணியம், தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைத் தோழர்கள் இதெல்லாம் தமிழ்லயே சொல்லித் தர்றாங்க, போய்க் கத்துக்கலாம். ஒரு எச்சரிக்கை: மாஸ்டடான்ல தனிச்செய்திக்குப் பூட்டு கிடையாது, சர்வர் நடத்துறவர் நினைச்சா படிக்கலாம். அது பொதுமேடை. ரகசியம் பேச சிக்னல்.

இனி மனு விஷயத்துல செய்ய வேண்டியது. அறிவிப்புக்குக் குழு வேண்டாம், சேனல் போதும். அதுல ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது. குழுவுல மனு, ஆதார் நகல், வாக்காளர் அட்டை எதையும் யாரும் போடக் கூடாது. போட்டா அட்மின் உடனே நீக்கணும், பெரிய பொறுப்புல இருக்கிறவர் போட்டிருந்தாலும். ஒவ்வொரு கிளையிலயும் மனுவுக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். முடிஞ்சா ஒரு பெண் தோழர். பெண்கள் கொடுக்கிற மனுதான் அதிகம். புகார் கொடுத்தவர் பேரையும் புகாரையும் ஒரே தாள்ல எழுதாதீங்க, பேருக்குப் பதிலா ஒரு எண் போடுங்க. பேரும் எண்ணும் இருக்கிற நோட்டு பொறுப்பாளர்கிட்ட மட்டும். ஆமா தோழர், காகித நோட்டு. சிரிக்காதீங்க, அந்தப் பரணை எந்த ஹேக்கராலயும் எட்ட முடியாது. மேல அனுப்ப வேண்டியிருந்தா சிக்னல்ல, தானா மறையற மாதிரி நாள் குறிச்சு அனுப்புங்க. வேலை முடிஞ்சதும் நகலைக் கிழிச்சிடுங்க, அவங்க கண் முன்னாடியே கிழிச்சா இன்னும் நல்லது.

பழைய இடைத்தேர்தல் குழுக்களை இந்த வாரமே கலைங்க. வெளியேறினா மட்டும் பத்தாது. அட்மின் எல்லாரையும் நீக்கிட்டுக் கடைசியா வெளியேறணும்.

கிளை வாரியா மனுப் பொறுப்பாளர் பேரும் நம்பரும் வர்ற ஞாயிற்றுக்கிழமைக்குள்ள மாவட்ட அலுவலகத்துக்கு வந்து சேரணும். தாள்ல எழுதி, மடிச்சு, கையில கொண்டு வந்து கொடுங்க. தயவு செஞ்சு குழுவுல போட்டுடாதீங்க.